முந்நூற்றுப் பதின்மூன்றாவது தாயத்து

"என் மகன் உங்ககிட்ட இருக்கானா?"

பேபி குழிக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

மேலே ஒரு கிழவர் நின்றிருந்தார். கறுப்புச் சட்டை. தோளில் ஜோல்னாப் பை. வெயிலில் நடந்து வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"உயிரோட இருக்கிறவரையா தேடுறீங்க, செத்தவரையா?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

"எத்தனை நாளாச்சு?"

"வீட்டை விட்டுப் போய்ப் பதினாலு மாசம். எட்டு மாசமாத் தேடுறேன்."

"நடுவுல ஆறு மாசம்?"

"வருவான்னு இருந்தேன்."

"கோவமா?"

"கொள்கை."

பேபி மறுபடி குனிந்து மண்ணை வெட்டினாள்.

அது ஊருக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய பொட்டல். கேட்பாரில்லாத பிணங்களுக்கான இடம். அரசு ஆஸ்பத்திரி பத்து நாள் வைத்திருந்து பார்க்கும். யாரும் வராவிட்டால் போலீஸ் பேபியைக் கூப்பிடும். பன்னிரண்டு வருடமாக அவள்தான் புதைக்கிறாள். வயது நாற்பத்தாறு. புதைத்த முகம் எதையும் அவள் மறப்பதில்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைக்காரர் சொன்னார். அதை நம்பித்தான் கிழவர் வந்தார்.

அவர் பெயர் சேரலாதன். வயது எழுபத்தொன்று. நாற்பது வருடம் மேடையேறிக் கடவுள் இல்லை என்று பேசியவர். கேட்டவர்கள் கைதட்டினார்கள். தட்டிய கைகளில் மந்திரித்த கயிறு இருந்தது.

சட்டைப்பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து நீட்டினார். பேபி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

நெடுநேரம் பார்த்தாள்.

"பேரு?"

"இங்கர்சால்."

"வீட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?"

"இங்கர்சால்னுதான்."

"அவங்க அம்மா?"

சேரலாதன் ஆற்றுப் பக்கம் பார்த்தார்.

"சாலு."

பேபி புகைப்படத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இருக்கானா இல்லையா? சொல்லுங்கம்மா."

"இறங்குங்க. குழி இன்னும் ஒரு முழம் போகணும்."

"நான் கேட்டதுக்குப் பதில் இது இல்லை."

"பதில் சொன்னா நீங்க போயிடுவீங்க. இன்னைக்கு எனக்கு ஆள் வரலை. பதினோரு மணிக்கு வண்டி வந்துடும்."

அவர் பையைக் கழற்றி வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். இறங்கினார்.

அவள் கடப்பாரையால் இளக்கினாள். அவர் கூடையில் அள்ளினார். பத்துக் கூடைக்கு ஒரு முறை நின்றார்.

"நீங்க எந்த மதம்?" என்று கேட்டார்.

"நீங்க என்னன்னு நினைச்சீங்க?"

"வெள்ளைப் புடவை. நெத்தியில பொட்டு இல்லை. பேரு பேபி. கிறிஸ்தவம்னு நினைச்சேன்."

"வெள்ளையில அழுக்கு தெரியும். தெரிஞ்சா துவைப்பேன். பொட்டு இந்த வேர்வையில நிக்காது. பேபின்னு எங்க தெருவுல நாலு பேரு. நாலும் நாலு விதம்."

"அதுல நீங்க எந்த விதம்?"

"மண்ணு சரியுது பாருங்க. காலை எடுங்க."

அவர் காலை எடுத்தார்.

"உங்களுக்கு ஊருக்குள்ள இடம் குடுக்கலையா?" என்று கேட்டார். "மூணு மதத்துக்கும் மூணு இடுகாடு பார்த்தேனே."

"மூணு பேருகிட்டயும் கேட்டேன். மூணு பேரும் ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. எங்க ஆளுன்னு தெரியலையேன்னு."

சேரலாதன் சிரித்தார். அவருக்குப் பிடித்த சிரிப்பு அது. எதிரி தன் வாயாலேயே மாட்டிக்கொள்ளும்போது வருவது.

"நான் நாப்பது வருசமா இதைத்தான் சொல்றேன்."

"நீங்க சொல்லி அவங்க இடம் குடுத்தாங்களா?"

அவர் கூடையைத் தூக்கினார்.

குழிக்கு அப்பால், ஆற்றை நோக்கி ஒரு வரிசை மண்மேடுகள் இருந்தன. மற்ற வரிசைகளில் தலைமாட்டுக்கு ஒரு கல் இருந்தது. கல்லில் சுண்ணாம்பால் ஓர் எண். இந்த வரிசையில் கல் இல்லை.

"இது ஏன் இப்படி?"

"ஐப்பசியில ஆத்துல வெள்ளம். மூணு நாள் தண்ணி நின்னுச்சு. கல்லையெல்லாம் அடிச்சிட்டுப் போயிடுச்சு. இருபத்திரண்டு பேரு. யாரு எதுல இருக்காங்கன்னு எனக்கே இப்ப தெரியாது."

"அதனால என்ன? அடையாளம் இல்லாம இருக்கிறதுதான் நல்லது. எல்லாரும் சமம்."

மேடையில் சொன்னால் அந்த இடத்தில் கைதட்டு விழும்.

"அவங்க வீட்டு ஆளுங்க வந்தா அப்படிச் சொல்ல மாட்டாங்க, ஐயா" என்றாள் பேபி.

பதினோரு மணிக்கு வண்டி வந்தது. ஏட்டு ஒருவர் முன்னால் இறங்கினார். பின்னால் வெள்ளைத் துணி சுற்றிய உடல்.

"பேபிம்மா, கையெழுத்து போடு. அப்புறம் இந்த மதம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. காலியா விட்டா ஸ்டேஷன்ல ரைட்டர் கத்துறார்."

"என்ன போடணும்?"

"தாடி இருக்கு. பாய்னு போட்டுடலாம்."

"ஒரு வாரம் படுக்கையில கிடந்தா உங்களுக்கும் வளரும், ஏட்டய்யா."

"காதுல ஓட்டையும் இருக்கே. அப்ப நம்மாளா?"

"என் வீட்டுக்காரருக்கும் காதுல ஓட்டை இருந்துச்சு."

"அவரு என்ன ஆளு?"

"என் வீட்டுக்காரரு."

ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பேபி சேரலாதன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க, ஐயா. என்ன போடலாம்?"

"செத்தவனுக்கு மதம் ஏது?"

"உயிரோட இருந்தப்ப?"

"மனுஷன்."

"அந்த மனுஷன் சாமி கும்பிட்டிருந்தா?"

"அது அவன் அறியாமை."

"பார்த்தீங்களா, ஏட்டய்யா. நீங்க தாடியையாவது பார்த்தீங்க. ஐயா அதைக்கூடப் பார்க்கலை. பார்க்காமலே முடிச்சிட்டார்."

பேபி பேனாவை வாங்கினாள். கட்டத்தில் எழுதினாள்: கேட்கவில்லை.

"தெரியவில்லைன்னு போடும்மா. அதுதான் முறை."

"தெரியலைன்னா தேடிப் பார்த்தோம்னு ஆகும். நாம எங்க தேடினோம்?"

ஏட்டு தாளை மடித்துக்கொண்டார். "ஐயா யாரு?"

"மகனைத் தேடி வந்திருக்கார். இங்கர்சால்னு பேரு."

"கிறிஸ்டினா?"

"கடவுள் இல்லைன்னு ஊர் ஊராப் பேசின ஒரு அமெரிக்கர் பேரு அது" என்றார் சேரலாதன்.

"ஓ. பையன் அமெரிக்காவுல இருக்காரா?"

ஏட்டு ஒரு கை பிடித்து உடலை இறக்கிக் கொடுத்தார். வண்டி போய்விட்டது.

பேபி குழிக்குள் இறங்கி உடலை நேராக்கினாள். தலைக்கு அடியில் கொஞ்சம் மண்ணைக் குவித்தாள், தலையணை மாதிரி. ஏறி வந்தாள்.

"கையால மூணு பிடி போடுங்க. இவருக்கு அப்பா வரலை."

"சடங்கு நான் செய்யறதில்லை."

"மண்ணு போடாம குழி எப்படி மூடும்?"

"மண்வெட்டியால போடறேன்."

"கையால போட்டா?"

"என் பொண்டாட்டிக்கே நான் கையால போடலை. பழக்கமாயிடும். ஒரு பிடி மண்ணுல ஆரம்பிச்சுத்தான் மந்திரம், புரோகிதன் எல்லாம் வருது."

பேபி மண்வெட்டியை நீட்டினாள். தான் மட்டும் கையால் மூன்று பிடி அள்ளிப் போட்டாள். உதடு அசையவில்லை. அவர் அதைக் கவனித்தார். ஏதாவது முணுமுணுத்திருந்தால் பேசியிருப்பார். பேச இடம் கிடைக்கவில்லை.

குழி மூடி முடிக்க ஒரு மணி ஆனது.

ஓலைக் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்தார்கள். பேபி தூக்குவாளியிலிருந்து நீராகாரம் ஊற்றிக் கொடுத்தாள். கிழவர் இரண்டு டம்ளர் குடித்தார்.

"பையன் ஏன் போனாரு?"

"அவன் அம்மா செத்த மூணாம் நாள் ஒரு விளக்கு ஏத்திக்கிறேன்னான். இந்த வீட்டுல கூடாதுன்னேன்."

"ஒரு விளக்குதானே?"

"நாப்பது வருசம் நான் ஊருக்கெல்லாம் சொன்னது என் கூடத்துல எரியும். அது ஒரு விளக்கு இல்லை."

"அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. அம்மாவோட டிரங்குப் பெட்டியைத் திறந்தான். எதையோ எடுத்துக் கையில மூடிக்கிட்டான். என்னடா அதுன்னேன். 'ஒண்ணுமில்லப்பா'ன்னான். செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்."

"முப்பது வயசு இருக்குமா?"

"முப்பத்தெட்டு. அந்தப் படம் பழசு."

பேபி இடுப்பிலிருந்த படத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எடுக்கவில்லை.

"இதுக்கு முன்னாடி யாரும் உங்களுக்குத் தகவல் சொல்லலையா, ஐயா?"

சேரலாதன் சிரித்தார்.

"அதை ஏன் கேட்கிறீங்க. ஆடி மாசம் ஒரு போலீஸ்காரர் போன் பண்ணினார். பஸ் ஸ்டாண்டுல காய்ச்சலோட விழுந்து கிடந்தானாம் ஒருத்தன். ஆஸ்பத்திரியில சேர்த்துச் செத்துட்டானாம். அவன் பையில என் நம்பர் இருந்துச்சாம். என் நம்பர் யாருகிட்டதான் இல்லை? நான் போட்ட துண்டறிக்கை எல்லாத்துக்கும் அடியில அந்த நம்பர்தான். பாதி ஜில்லா வச்சிருக்கு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடையாளம் என்னய்யான்னு கேட்டேன். வயசு நாப்பது இருக்கும், வலது கையில தாயத்துன்னார். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'தாயத்து கட்டினவனா? வேற வீட்டுக் கதவைத் தட்டுங்க, இந்த வீட்டுல அந்த நோய் கிடையாது'ன்னேன். வச்சிட்டேன்."

"நேருல போய்ப் பார்க்கலையா?"

"எதுக்கு? அதான் தாயத்துன்னு சொல்லிட்டாரே."

பேபியின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. 

"உங்களுக்குத் தாயத்து மேல அவ்வளவு கோவமா?"

"கோவமா? அதுதான் என் ஆயுதம்." அவர் ஜோல்னாப் பைக்குள் கைவிட்டு ஒரு பாக்குவெட்டியை எடுத்தார். பிடி தேய்ந்து பளபளத்தது. "கூட்டத்துல கேட்பேன். யாரு கையில தாயத்து இருக்கு, தைரியம் இருந்தா மேடைக்கு வாங்கன்னு. வருவாங்க. வாங்கி, இதால ஒரே வெட்டு. 'உள்ளே என்ன இருக்கு'ன்னு கேட்பேன். 'ஒண்ணுமில்லை'ன்னு கூட்டம் கத்தும். முந்நூத்திப் பன்னிரண்டு தாயத்து வெட்டியிருக்கேன். ஒரு சாமியும் என் கையை முடக்கலை."

"உள்ள ஒண்ணுமே இருக்காதா?"

"ஏதாவது கிடக்கும். தகடு, கரித்தூள், வேர். சிலதுல காய்ஞ்ச தோல் மாதிரி ஒண்ணு, சுருங்கிப் போய்."

"அது என்னன்னு பார்த்தீங்களா?"

"குப்பை. ஊதிடுவேன்."

பேபி எழுந்தாள். கொட்டகையின் மூலையில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"செத்தவங்க மேல இருந்ததுல விலை உள்ளதை ஸ்டேஷன்ல வச்சுக்குவாங்க. மத்ததை எங்கிட்ட குடுத்துடுவாங்க. யாராவது தேடி வந்தா காட்டுவேன்."

திறந்தாள். உள்ளே சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். ஒவ்வொன்றிலும் ஒரு எண். கறுப்புக் கயிறு, சிலுவை, தஸ்பீஹ் ஜெபமாலை, முருகன் டாலர், ஒரு பல்செட், ஒரு பஸ் பாஸ்.

"பாருங்க" என்றார் சேரலாதன். "பிணத்தோட கூடவே வந்திருக்கு. ஒண்ணுகூடக் காப்பாத்தலை."

"பல்செட்டும்தான் காப்பாத்தலை."

அவள் ஒரு முடிச்சைப் பிரித்தாள். கறுப்பு நூலில் கோத்த ஒரு செப்புத் தாயத்து. பெரியவர்களுக்குக் கட்டுவது அல்ல. குழந்தை இடுப்புக்குக் கட்டுகிற அளவு. நூல் மட்டும் புதிது, பெரிய கைக்கு ஏற்ற நீளம்.

"இதை வெட்டுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"முந்நூத்திப் பதிமூணு."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் கேலி இல்லை. கேலி இருந்திருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

பாக்குவெட்டியின் வாயில் தாயத்தை வைத்தார். அழுத்தினார். பழைய செம்பு. சுலபமாக வாய் திறந்தது.

உள்ளங்கையில் தட்டினார்.

காய்ந்த தோல் மாதிரி ஒன்று விழுந்தது. ஒரு விரல் நகம் அளவு. சுருங்கி, கறுத்து. அதைச் சுற்றி ஒரு காகிதச் சுருள்.

பழக்கத்தில் ஊதப் போனார்.

"ஊதாதீங்க" என்றாள் பேபி. "அது தொப்புள்கொடி. பெத்தவ எடுத்து வைக்கிறது."

அவர் ஊதவில்லை. காகிதத்தை மட்டும் விரித்தார். பழுப்பேறி, மடிப்பில் பிய்ந்தது. ஒரு காலத்தில் ரோஸ் நிறமாக இருந்த காகிதம்.

ரோஸ் நிறக் காகிதத்தில்தான் அவர் எப்போதும் நோட்டீஸ் அடிப்பார். மலிவு.

அச்செழுத்தில் ஒரே ஒரு வார்த்தை. முப்பத்தெட்டு வருடம் முன்னால் மகனின் பெயர் சூட்டு விழாவுக்கு அவர் அடித்த நோட்டீஸிலிருந்து, கத்தரிக்கோலால் அளவாக வெட்டியது. அந்த அச்சாபீசில் ஒரு எழுத்தின் புள்ளி உடைந்துபோயிருந்தது. இருநூறு நோட்டீஸிலும் அவரே உட்கார்ந்து நீலப் பேனாவால் புள்ளி வைத்தார். பக்கத்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மனைவி தமயந்தி சிரித்தாள்.

புள்ளி நீலமாகவே இருந்தது.

இங்கர்சால்.

பேபி இடுப்பிலிருந்த புகைப்படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

அவர் பேசியபோது மேடைக் குரல் போயிருந்தது.

"படத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்பவே ஏன் சொல்லலை?"

"தாயத்து கட்டியிருந்தார்னு சொன்னா நம்பியிருப்பீங்களா, ஐயா? ஏற்கெனவே ஒருத்தர் சொன்னாரே."

அவர் உள்ளங்கையை மூடினார். மகன் அன்றைக்கு மூடிய மாதிரியே.

"பத்து நாள் வச்சிருந்தாங்களா?"

"பதினாலு. நம்பர் இருக்கே, வருவாங்கன்னு நாலு நாள் கூட வச்சிருந்தாங்க."

கொட்டகையின் நிழல் நகர்ந்து அவர் காலில் வெயில் விழுந்தது. அவர் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"எந்த எண்?"

பேபி துணி முடிச்சைத் திருப்பிக் காட்டினாள். நூற்று நாற்பத்தாறு.

அவர் எழுந்தார். அவள் பிடிக்கப் போனாள். கையை உதறிவிட்டு நடந்தார். கற்களின் மேல் சுண்ணாம்பு எண்களைக் குனிந்து குனிந்து பார்த்தார். நூற்று முப்பத்தெட்டு. நூற்று முப்பத்தொன்பது. அந்த வரிசை முடிந்தது. அடுத்த வரிசை நூற்று அறுபத்திரண்டில் ஆரம்பித்தது.

நடுவில் கல் இல்லாத இருபத்திரண்டு மேடுகள்.

அவர் திரும்பிப் பார்த்தார். பேபி பின்னால் நின்றிருந்தாள்.

"இதுல எது?"

"கல்லு போயிடுச்சுன்னு சொன்னேனே, ஐயா."

"ஓரத்துல இருந்து எண்ணினா?"

"ஓரத்துல சிலது தண்ணியோட போயிடுச்சு. மேடு நானா மறுபடி கட்டினது. எண்ணிக்கைக்குக் கட்டினேன்."

"ஒரு அடையாளமும் இல்லையா?"

அடையாளம் இல்லாததே நல்லது என்று காலையில் அவர் சொன்னதை அவள் திருப்பிச் சொல்லவில்லை. அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும். முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு முதல் மேட்டின் அருகே முழங்காலிட்டார். ஒரு கை மூடியே இருந்தது. மறு கையால் மண்ணை அள்ளிப் போட்டார். மூன்று பிடி.

எழுந்தார். இரண்டாவது மேட்டுக்குப் போனார். மறுபடி முழங்காலிட்டார். மூன்று பிடி.

மூன்றாவது.

நான்காவதில் எழ முடியவில்லை. அடுத்த மேட்டுக்குத் தவழ்ந்து போனார். மண் வெயிலில் இறுகியிருந்தது. நகம் பிய்ந்து ரத்தம் வந்தது.

பேபி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னும் பதினேழு இருக்கு, ஐயா. கை போயிடும். இந்தாங்க."

"வேணாம்" என்றார். "கையாலதான்."